செத்த காலேஜில் என்ன வேலை?

கேள்வி: எனக்கு வயது 22. ஊர் கும்பகோணம். பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குச் சின்னப் பாத்திரக்கடை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ரிஷபவாகன தேவர் என்ற சோழர் காலச் செப்புப் படிமத்தைப் பார்த்த நாளிலிருந்து அருங்காட்சியக வேலைக்குத்தான் போக வேண்டும் என்று இருக்கிறேன். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். வடக்கே போய் எம்.ஏ. படிக்க வசதி இல்லை. எனக்குக் கையால் செய்கிற வேலைதான் பிடிக்கும். இங்கிலாந்தில் பட்டம் இல்லாமலேயே அப்ரன்டிஸாகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே அருங்காட்சியக வேலை கற்கலாம் என்று படித்தேன். நம் ஊரில் அப்படி வழி உண்டா? சென்னையில் வளர்ந்த என் பாட்டி, "செத்த காலேஜுல போய் என்னடி வேலை?" என்று கேட்கிறார்.

அன்புள்ள கும்பகோணம் வாசகிக்கு,

முதலில் பாட்டிக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தை "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொன்ன தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. 1851-இல் தொடங்கி, 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு வந்த இடம் அது. எட்வர்ட் பால்ஃபோர் பொறுப்பில் இருந்தபோது அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார். ஒரு பக்கம் உறுமல், இன்னொரு பக்கம் பாடம் செய்த புலி என்றால் ஜனங்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் வேலையைப் பற்றி பாட்டி நினைப்பது சரியில்லை. அங்கே இருக்கிற பொருள் எதுவும் சும்மா கிடப்பதில்லை. வெண்கலம் காற்றோடும் ஈரத்தோடும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அந்தச் சண்டையை விலக்கிவிடுவதுதான் என் பிழைப்பு.

இங்கிலாந்து விஷயம் உண்மைதான். அங்கே அருங்காட்சியகத் தொழில்நுட்பர் என்று மூன்றாம் நிலையில், அதாவது நம் பிளஸ் டூ அளவில், ஓர் அப்ரன்டிஸ் பயிற்சி இருக்கிறது. பொருளைக் கட்டுவது, தூக்குவது, பீடத்தில் நிறுத்துவது, விளக்கு அமைப்பது எல்லாம் அதில் வரும். நான்காம் நிலையில் பாதுகாப்புத் தொழில்நுட்பர் பயிற்சி, முதுகலை அளவான ஏழாம் நிலையில் முழுப் பாதுகாப்பாளர் பயிற்சி. பாதுகாப்பு என்றால் காவல் இல்லை, பொருள் சிதையாமல் காப்பது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் நிறுவனங்களிடம் 2017 ஏப்ரல் முதல் அரை சதவீதம் வரி பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத்தான் திரும்பச் செலவழிக்க முடியும் என்பதால் பெரிய அருங்காட்சியகங்களும் அப்ரன்டிஸ்களைச் சேர்க்கின்றன. சம்பளமில்லாமல் தொண்டு செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நுழைய முடிகிறது என்ற குறை அங்கே பல காலமாக இருந்தது. அதற்கு ஒரு மாற்றாகத்தான் இந்த வழியைப் பார்க்கிறார்கள்.

ஆனால் நீங்கள் இங்கிருந்து விண்ணப்பித்து அதில் சேர முடியாது. அரசு நிதி கிடைக்க, பொதுவாக மூன்று ஆண்டுகளாவது அங்கே வசித்திருக்க வேண்டும். போதாததற்கு 2026 ஜனவரியிலிருந்து ஏழாம் நிலைக்கான நிதியைப் பெரும்பாலும் 21 வயது வரை உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். அதனால் அந்தக் கனவை மடித்து வையுங்கள். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்த வேலையைப் பொருளோடு உட்கார்ந்து, தெரிந்தவர் பக்கத்திலிருந்துதான் கற்க முடியும் என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே பதவி ஒரு வாசல் வழியாக வருகிறது, வேலை இன்னொரு வாசல் வழியாக வருகிறது. மாநில அருங்காட்சியகக் காப்பாட்சியர் பதவி டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படுகிறது. பிரிவுக்குத் தகுந்த முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அறிவிப்பு ஆடிக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று என்று வரும். மத்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவுக்குத் தலைமையிடம் டேராடூன். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்து அடியிலிருந்த சோழர் ஓவியத்தை வெளியே கொண்டுவந்தவர்கள் இந்தப் பிரிவினர்தான். அங்கேயும் மேல்நிலை வேதியியலாளர் பதவிக்கு எம்.எஸ்சி. வேண்டும். கையில் எவ்வளவு தொழில் இருந்தாலும் காகிதம் இல்லாமல் இந்த இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஆனால் நம் நியாயத்துக்காக விதி காத்திருக்காது.

அதே சமயம் எம்.எஸ்சி. முடித்து நேராகப் பதவிக்கு வந்து, ஒரு படிமத்தை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்தால் கை வந்துவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள்.

எழும்பூரில் 1930-இல் ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே வேலை செய்தார். செம்புத் திருமேனிகள் பச்சைப் பொடி உதிர்த்துக்கொண்டிருந்தன, அதை நிறுத்த ஒரு வேதியியல்காரர் தேவைப்பட்டார். பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் நிறத்தையும் அவர் சோதித்தது பிறகு. இதைச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தொழிலில் உங்கள் பட்டம் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். வரலாறு படித்தவர்கள்தான் அருங்காட்சியகத்துக்குப் போவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் உங்களால் முடிவெடுக்க முடியும். அதனால் என் முதல் மூன்று மாதத்தைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு வேதியியலாளர் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரு சாண் உயர அம்மன் படிமம் வந்தது. முதல் வாரம் அதைத் தொடவே விடவில்லை. எடை போட்டேன், அளந்தேன், ஆறு பக்கமும் படம் எடுத்தேன், காகிதத்தில் கோட்டுருவம் வரைந்து எங்கெங்கே என்ன நிறம் என்று குறித்தேன். கரும்பச்சையாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிக் கிடப்பது களிம்பு. அது காலம் கொடுத்த சட்டை, அதைக் கழற்றக் கூடாது. வெளிர்ப் பச்சையாக, ஊசி முனை பட்டாலே மாவாக உதிர்வது வேறு. அதற்கு வெண்கல நோய் என்று பெயர்.

மண்ணில் புதைந்திருந்தபோது உப்பு உலோகத்துக்குள் போய் குப்ரஸ் குளோரைடாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே எடுத்ததும் ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் அது வெளிர்ப் பச்சைப் பொடியாகவும் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு, மறுபடி பொடி. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். சென்னைக் காற்றுக்கு அதெல்லாம் தெரியாது. நீங்கள் பார்த்த ரிஷபவாகன தேவர் திருவெண்காட்டில் பூமிக்கடியிலிருந்து வெளிவந்தவர். 1011-ஐச் சேர்ந்த படிமம், ஆயிரம் வருஷம் தாண்டிவிட்டது. அடுத்த முறை போகும்போது முகத்தைப் பார்த்து முடித்த பிறகு, கால் மடிப்பையும் பீடத்து விளிம்பையும் பாருங்கள். மண்ணிலிருந்து வந்த எந்தப் படிமத்திலும் எங்கள் கண் முதலில் அங்கேதான் போகும்.

அம்மன் படிமத்துக்கு வருகிறேன். மூங்கில் குச்சியைச் சீவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே பொடியை எடுத்தேன். அப்புறம் குளோரைடை வெளியே இழுக்க சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற காரக் கரைசலில் ஊற வைத்தோம். வாரம் ஒரு முறை கரைசலை மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய கரைசலில் கொஞ்சம் சோதனைக்குழாயில் எடுத்து சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்க வேண்டும். பால்போல் வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். ஆமாம், கல்லூரியில் சால்ட் அனாலிசிஸ் என்று அலுத்துக்கொண்டே செய்த அதே சோதனைதான்.

ஒரு வாரம் நான் முதலில் நைட்ரிக் அமிலம் விட மறந்துவிட்டேன். அமிலம் விடாவிட்டால் கார்பனேட்டே சில்வரோடு சேர்ந்து திரண்டு ஏமாற்றும். நான் குளோரைடு என்று நோட்டில் எழுதினேன், அடுத்த வாரமும் அப்படியே எழுதினேன். மூன்றாவது வாரம் ஐயா நோட்டைப் புரட்டிவிட்டு, "போன மாசம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இப்ப திடீர்னு ஏன் ஏறுது? அம்மன் மேல சந்தேகமா, உன் மேல சந்தேகமா?" என்று கேட்டார். திட்டவில்லை. அந்த ஒரு கேள்வியில் கற்றதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இப்போது செஸ்குவிகார்பனேட்டை அவ்வளவாக யாரும் விரும்புவதில்லை, களிம்பின் நிறத்தைக் கெடுக்கிறது என்று. அரிப்பைத் தடுக்கிற பென்சோட்ரையசோல் கொடுத்து, மேலே பாராலாய்டு பி-72 என்ற நிறமில்லாத பிசினை மெல்லிசாகப் பூசுகிறோம். பென்சோட்ரையசோல் உடம்புக்கு நல்லதல்ல, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக்கூடாது. பாராலாய்டை அசிட்டோன் வைத்துத் துடைத்தால் நாளைக்கே எடுத்துவிடலாம். பிறகு வருகிறவர் நாம் செய்ததைக் கலைக்க முடிய வேண்டும், அதுதான் கணக்கு.

கடையில் நீங்கள் வளர்ந்ததை வீண் என்று நினைக்காதீர்கள். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிகிற காது உங்களுக்கு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டும்: புளி போட்டுத் தேய்ப்பது. கடையில் மினுமினுப்புக்குத்தான் விலை. எங்களிடம் ஒரு பழைய விளக்கு மினுமினுப்பாக வந்தால், யாரடா இதைக் கெடுத்தது என்று கேட்போம்.

சரி, எங்கே சேர்வது? சட்டப்படி அப்ரன்டிஸ் என்று ஒரு வழி இங்கேயும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் ஆரம்பத்தில் தொழிற்சாலைகளை மனதில் வைத்து வந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் கிடைத்தது. தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டத்தில் உங்களைப் போன்ற பட்டதாரி ஒரு வருஷம் வரை பயிற்சி பெறலாம். 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன, இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. தெற்கு மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. படிப்பு முடித்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள், அதனால் தள்ளிப் போடாதீர்கள். முடித்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அருங்காட்சியகங்கள் இதில் வரிசையாக இடம் அறிவிப்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நூலகமோ ஆவணக் காப்பகமோ தனியார் பாதுகாப்புக் கூடமோ உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்து, இந்தத் திட்டத்தைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். அவர்களிடம் நீங்களே சொல்லலாம். எடுத்துச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சுவாமிமலை உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் சிறிது நேரம். இதை ஏன் உங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை என்று எனக்கு ஆச்சரியம். குங்கிலியமும் மெழுகும் சேர்த்து உருப்பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நீங்கள் பாதுகாக்க ஆசைப்படுகிற படிமங்கள் இதே முறையில் பிறந்தவைதான். ஸ்தபதியாவதற்கு நான் உங்களைப் போகச் சொல்லவில்லை. ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு மூன்று மாதம் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். உலோகத்தில் எங்கே காற்றுக்குமிழ் நிற்கும், எங்கே அரம் ஓடியிருக்கிறது, வார்ப்பிலேயே வந்த குறை எது, பின்னால் வந்த சேதம் எது என்று கண்ணுக்குப் பழகும். பட்டறையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கக்கூடும். அப்பாவின் கடைக்கும் அந்தப் பட்டறைகளுக்கும் எப்படியும் பழக்கம் இருக்கும், முதல் நாள் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியும் இருக்கிறது. அது சிலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு. உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரியவில்லை.

உலோகம்தான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சுவடியைத் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைப்பது பார்க்க எளிது, செய்தால் தெரியும். காய்ந்த ஓலை விரல் அழுத்தத்திலேயே உடையும். உள்ளே போய்ப் பயிற்சி கேட்டுப் பாருங்கள். சில பேருக்கு உலோகம் பேசும், சில பேருக்கு ஓலை. அருங்காட்சியக வேலை என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களை யாரும் சேர்ப்பதில்லை. எனக்குச் செம்பு தெரியும், எனக்குக் காகிதம் தெரியும் என்று வருகிறவர்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சிக்காகவே இருக்கிற தேசிய ஆய்வகம் லக்னோவில் 1976-இல் தொடங்கியது. அதன் மண்டல ஆய்வகம் மைசூரில் இருக்கிறது, கும்பகோணத்திலிருந்து ஒரு ராத்திரி ரயில். குறுகிய காலப் பயிற்சிகளை அவ்வப்போது அறிவிப்பார்கள். எம்.ஏ.வுக்கு வடக்கே போக முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. கையில் ஆறு மாதப் பட்டறை அனுபவத்தோடு போனால் அங்கே சொல்லித் தருவது நன்றாகப் பிடிபடும். அகழாய்வுப் பக்கம் மனம் போனால் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. கல்வெட்டும் குழியும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள், உதவித்தொகையும் உண்டு, ஆனால் அதற்கு முதுகலை முடித்திருக்க வேண்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. நான் பட்டம் முடித்த புதிதில் ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு மாதம் பதிவு அட்டை எழுதினேன். பொருளைத் தொட விடவில்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை, பஸ் காசும் இல்லை. வெளியே வரும்போது ஒரு சான்றிதழ் கேட்டேன். தன்னார்வலர்களுக்குக் கொடுக்கிற வழக்கமில்லை என்றார்கள். அதனால் எங்கே சேர்ந்தாலும் முதல் நாளே கேளுங்கள்: எனக்குச் சொல்லித்தரப் போவது யார், அவர் பெயர் என்ன? எந்த மாதம் முதல் பொருளைத் தொடுவேன்? மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில்? முடிவில் நான் செய்ததை விவரித்து எழுத்தில் தருவீர்களா? நான் எடுத்த குறிப்புகளின் நகல் எனக்கு உண்டா? முதல் கேள்விக்கே பெயர் வராமல் "எல்லாரும் இருக்கோம்மா" என்று பதில் வந்தால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பி.எட். விஷயத்தில் வீட்டோடு சண்டை போடாதீர்கள். ஒரு வருஷம் அவகாசம் கேளுங்கள். இந்த வருஷம் சுவாமிமலை, சுவடி, மைசூர் என்று கையைப் பழக்குங்கள். அது பிடித்துப்போனால் அடுத்த வருஷம் எம்.எஸ்சி. வேதியியலில் சேருங்கள், பக்கத்து அரசுக் கல்லூரியே போதும். பதவி அறிவிப்பு வரும் நாளில் பட்டமும் கையில் இருக்கும், பட்டறைக் குறிப்பேடும் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பி.எட். எங்கும் ஓடிப் போகாது. அதுவும் வீணாகப் போவதில்லை. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பானை ஓட்டைக் காட்டி விளக்கத் தெரிந்த ஆள் எந்த அருங்காட்சியகத்துக்கும் வேண்டும்.

நாளைக்கே ஆரம்பிக்க ஒரு வேலை தருகிறேன். உங்கள் கடைக்குப் பழைய பாத்திரங்கள் எடைக்கு வருமே, உருக்கப் போவதற்கு முன் அவற்றில் பத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். குத்துவிளக்கு, சொம்பு, கூஜா, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் எடை போட்டு, அளந்து, ஆறு பக்கமும் படம் எடுத்து, நெளிவு, விரிசல், ஒட்டு, பச்சை எங்கே என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடியிலோ விளிம்பிலோ பெயர் வெட்டியிருக்கும், புள்ளிப் புள்ளியாக. யாருடைய கல்யாணச் சீர், எந்த ஊர், தேதி இருந்தால் தேதி, எல்லாவற்றையும் அப்படியே படி எடுங்கள், எழுத்துப் பிழையோடு. திருத்தாதீர்கள். தேய்க்கவும் கூடாது. அந்தப் பத்துப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனால், எந்த ஆய்வகத்திலும் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். என்னிடம் வருகிறவர்களில் அப்படி ஒரு காகிதத்தோடு வந்தவர்கள் இதுவரை இரண்டே பேர், இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன்.

போகும் அன்றைக்கு நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், கண்ணாடி வளையல், தொங்குகிற சங்கிலி எதுவும் வேண்டாம், துப்பட்டாவைப் பின் பண்ணிக்கொள்ளுங்கள். சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.